ஆறு மணி பஸ்ஸின் கோல்கீப்பர்

தன்னைத் திட்டி எழுதிய பத்திரிகையைத் தானே கட்டோடு ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு விநியோகிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ரத்தினவேலுக்குக் கிடைத்தது. அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் பஸ்ஸுக்கு அவன்தான் டிரைவர். காலையில் வரும் பத்திரிகைக் கட்டு எப்போதும் அவன் சீட்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். அன்றைக்கு அதற்குள் இப்படி இருந்தது: ‘சம்பளம் வாங்கும் கோல்கீப்பர் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓட்டம்.’

மீமிசல் டீக்கடையில் அதை முதலில் படித்தவர் அழகுமலை. ரத்தினவேலுக்குப் பெண் கொடுக்கப் பேசிவைத்திருந்தவர்.

செய்தியில் இருந்த பொய்யை எங்கிருந்து எண்ணுவது? பஸ் கம்பெனி டீமில் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டுதான். அது பஸ் ஓட்டுவதற்கு. பந்தாடுவதற்கு ஆளுக்கு ஒரு கோலி சோடா. மில் டீமுக்கு அதுவும் கிடையாது. இதைத்தான் பத்திரிகை, காசுக்கு விலைபோன கூட்டம் என்று எழுதியிருந்தது.

‘ஓட்டம்’ என்பதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் அரிசி மில்லில் நாலரைக்குச் சங்கு ஊதிய பிறகுதான் மில் ஆட்கள் மைதானத்துக்கு வர முடியும். ஆட்டம் முடிய ஆறேகால் ஆகும். மீமிசலுக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, ஹேண்டில் போட்டுச் சுற்றி, அந்தக் கிழட்டு வண்டியைக் கிளப்பக் கால்மணி நேரம் வேண்டும். அதனால் மைதானத்தை ஒட்டி நிற்கும் பஸ்ஸிலிருந்து ஐந்தே முக்காலுக்குக் கண்டக்டர் மலையாண்டி ஹாரனை அமுக்குவான். ரத்தினவேல் இடுப்பில் கட்டிய சிவப்புத் துண்டை அவிழ்த்து மாற்று ஆள் ஆண்டியப்பனிடம் கொடுத்துவிட்டு ஓடுவான். சிவப்புத் துண்டு கட்டியவன்தான் கோல்கீப்பர். துண்டு கைமாறும்வரை எதிராளி கோலைப் பார்த்து உதைக்கக் கூடாது. இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அறந்தாங்கி லீக்கில் இதை மீறியவனும் இல்லை.

இது தெரியாத ஒரே ஆள் நிருபர் ஆத்மநாதன். ஆவுடையார்கோயில்காரர். முன் சீட்டுப் பறிபோய்விடும் என்று ஐந்தரைக்கே வந்து பஸ்ஸில் ஏறிக்கொள்வார். ஜன்னல் வழியாகக் கோல் கம்பம் மட்டும் தெரியும். கோல்கீப்பர் அதை விட்டு ஓடுவதும் தெரியும். ஓடியவன் எங்கே போனான் என்று ஜன்னல் சொல்லாது. கொஞ்ச நேரத்தில் காக்கிச் சட்டையோடு ஒரு டிரைவர் ஏறும்போது ஐயா குறட்டையில் இருப்பார்.

ரத்தினவேல் அழகுமலை வீட்டுக்கே போய் விளக்கிச் சொன்னான்.

“நீங்க சொல்றீங்க மாப்ளே. அச்சுல வேற மாதிரில்ல இருக்கு?” என்றார் அவர். “பந்துக்குப் பயந்து ஓடுறவரு, நாளைக்கு ஒரு கஷ்டம்னா எம்மகள விட்டுட்டு ஓட மாட்டாருன்னு என்ன நிச்சயம்? ஞாயித்துக்கெழம பைனல்தானே? நானே வந்து பாக்குறேன். கடைசி வரைக்கும் நின்னா தாம்பூலம். இல்லேன்னா வேற எடம் பாத்துக்கங்க.”

கதவுக்குப் பின்னால் செவந்தி நின்றிருந்தாள். பெண் பார்க்கப் போன அன்று தலையைக் குனியாமல் நேராகப் பார்த்துச் சிரித்தவள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இனி இருக்க முடியாது என்று ரத்தினவேலுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மும்முரம். கோல் எதுவும் விழவில்லை. அழகுமலையின் வெள்ளைத் தலைப்பாகை கூட்டத்தில் தெரிந்தவரை ரத்தினவேல் விழுந்து புரண்டு பந்துகளைத் தடுத்தான். மில் டீமுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. உதைக்க ஒருவன் பந்தை வைத்தான். சரியாக அப்போது ஹாரன் அலறியது.

ரத்தினவேல் அசையவில்லை. ஒரு நாள் பஸ் தாமதமானால் குடியா முழுகிவிடும்? ஹாரன் மறுபடி அலறியது. பஸ்ஸுக்குள் கூடைக்காரிகள் இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இருப்பார்கள். வழிநெடுக லாந்தரோடு ஆட்கள் காத்து நிற்பார்கள். தலைப்பாகையைத் தேடினான், காணவில்லை. எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருப்பார், பார்க்கட்டும் என்று அழாத குறையாக ஓடினான். துண்டைக் கொடுக்கவும் மறந்துபோனான்.

தண்ணீர் ஊற்றி, வண்டியைக் கிளப்பி, ஏறி உட்கார்ந்தபோது பின்னாலிருந்து ஆத்மநாதனின் குரல் கேட்டது.

“பாத்தீங்களா பெரியவரே? கார்னர்னதும் கோல்கீப்பர் இன்னைக்கும் ஓடிட்டான்.”

“பாத்தேன், பாத்தேன்” என்றது இன்னொரு குரல்.

ரத்தினவேல் திரும்பினான். நிருபருக்குப் பக்கத்தில் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அழகுமலை உட்கார்ந்திருந்தார். கடைசி வரைக்கும் நிற்கச் சொன்ன மனிதர், கடைசி பஸ்ஸில் இடம் போட ஐந்தரைக்கே வந்துவிட்டார்! அவர் பார்வை டிரைவரின் சேறு படிந்த முழங்காலில் நின்றது. பிறகு இடுப்பில் கிடந்த சிவப்புத் துண்டில். முகம் மட்டும் கல்லாக இருந்தது.

“எழுதுங்க தம்பி, விடாம எழுதுங்க” என்றார் நிருபரிடம். மீமிசலில் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று ரத்தினவேல் அன்று சோறுகூடத் தின்னவில்லை.

மறுநாள் கட்டில் செய்தி வந்தது: ‘கோல்கீப்பர் மறுபடியும் ஓட்டம், இம்முறை துண்டும் போயிற்று.’ துண்டு இல்லாமல் ஆண்டியப்பன் நின்றதையும், உதைக்க மனமில்லாத மில் கேப்டன் தன் தோள் துண்டையே கட்டிவிட்டதையும், அப்புறம் மில் இரண்டு கோல் போட்டு ஜெயித்ததையும் பத்திரிகை எழுதவில்லை. துண்டு கட்டும்போது ஐயா பெரியவரோடு பேச்சில் இருந்தார்; கோல் விழுந்தபோது ஜன்னல்தான் ஆவுடையார்கோயில் பாதையில் போய்க்கொண்டிருந்ததே.

பத்தரைக்குக் கட்டை இறக்க டீக்கடைக்குப் போனான். அழகுமலை அங்கே இருந்தார். செய்தியை உரக்கப் படித்து முடித்துவிட்டு, கடையிலிருந்த எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

“ஆமாய்யா, எங்க மாப்ள ஓடுனாருதான். ஓடலேன்னா நேத்து நான் அறந்தாங்கியிலல்ல கெடந்திருப்பேன்?”

“மாமா...” என்றான் ரத்தினவேல்.

“செவந்திகிட்ட சொல்லிட்டேன். முகூர்த்தம் விடியக்காலம் நாலரைலேருந்து ஆறு” என்றார் அழகுமலை. “நம்ம மொத பஸ் ஏழு மணிக்குத்தானே, மாப்ளே?”