வெள்ளியில் சந்திரம்மாள்

"போயிட்டா சார்" என்று எல்லப்பன் சொன்னது ஒரே ஒரு தடவைதான். தண்டலத்துக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக அட்டெண்டராகச் சேர்ந்த அன்று, வீட்டில் யார் யார் என்று ஆபீசில் கேட்டார்கள். பெண்டாட்டி சந்திரம்மாள் முந்தின வாரம்தான் டிரங்குப் பெட்டியோடு குன்றத்தூருக்கு, அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். அவன் போனதைச் சொன்னான். ஆபீஸ் செத்ததாகக் கேட்டுக்கொண்டது. மறுநாள் பிரேயரில் இரண்டு நிமிட மௌனம், பிறகு அரை நாள் லீவு. மாணவர் சமுதாயம் சந்திரம்மாளை இன்றளவும் நன்றியுடன் நினைக்கிறது. லீவு விட்டபின் திருத்துவது எப்படி? வாயை மூடிக்கொண்டான். மூன்று வருஷமாக வடக்குப்பட்டு வீட்டில் தனியாகப் பொங்கித் தின்று, தண்டலத்தில் ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்றொன்றில் ஒரு மதியம் லெக்சரர் கலைமதி மேசையில் ஒரு படத்தை விரித்தார். மெகல்லன் என்ற விண்கலம் வெள்ளிக் கிரகத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்தது.

"அங்க எப்பவும் மேகம், எல்லப்பன். கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வர்றத வச்சுத்தான் படம். கரடுமுரடா இருந்தா வெள்ளையா விழும்."

"திரும்பி வராங்காட்டி?"

"வழவழப்பான தரைன்னா அலை வேற பக்கம் தெறிச்சுடும். கறுப்பு."

"அப்டிப் பாத்தா எங்க வூடும் கறுப்புதான் மேடம்."

கலைமதி மெல்ல ஒரு தாளை எடுத்தார். அந்தக் கிரகத்துப் பள்ளங்களுக்குப் பெண்கள் பெயர்தான் வைப்பார்களாம். யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாமாம். பையன்கள் சந்திரம்மாள் பெயரை எழுதியே விட்டார்கள்.

"இறந்து மூணு வருஷம் ஆகியிருக்கணும்னு ரூல். தேதி மட்டும் சொல்லுங்க."

பேனா காத்திருந்தது. ஒரு தேதி சொன்னால் போதும். சந்திரம்மாள் வானத்தில் நிரந்தரமாக இருப்பாள், குன்றத்தூரில் இருக்க மாட்டாள்.

"தேதி இல்ல மேடம். உயிரோடதான் கீறா."

கலைமதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "போயிட்டான்னு சொன்னீங்களே?"

"ஆமா. பஸ்ல."

கலைமதிக்குச் சிரிப்பு பாதி வந்து நின்றது. "போய்க் கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"ரெண்டு வாட்டி. அவங்கண்ணன் வாசல்லயே நிக்க வச்சி, தண்ணி குடுத்து அனுப்பிட்டாரு. அவ வெளியவே வர்ல."

கலைமதி பெயரை அடித்தார். "உயிரோட இருக்கறவங்க பேரை வைக்க மாட்டாங்க."

"அப்ப அது ரொம்ப லேட்டாவட்டும்" என்ற எல்லப்பன், கதவு வரை போய்த் திரும்பினான். "பசங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன் மேடம். எப்டின்னுதான் தெர்ல."