நடுச்சுவர்

துவாக்குடி ரோட்டில் மனை பிரித்து வீடு கட்டி விற்ற அழகர்சாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. பணக்காரர்களுக்குப் பங்களா கட்டுகிறவர் ஏழைகளுக்கும் ஐந்து வீடு கட்டிக்கொடுத்தால்தான் அனுமதி என்று, அந்த எண்பத்தாறாம் வருஷத்தில் நகரமைப்பு ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். "அதுக்கென்னங்க, புண்ணியந்தானே!" என்று சிரித்தார் மனிதர். அவர் சிரித்தபோதே எல்லோரும் உஷாராகியிருக்க வேண்டும்.

வெள்ளையம்மாளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அவள் அங்கே சித்தாள். புருஷன் அம்மாசி கொத்தனார். ஐந்தில் ஒரு வீடு உங்களுக்கு என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஊரார் வீட்டுக்கெல்லாம் கல் சுமந்துவிட்டு, மழை பெய்தால் ஒழுகும் குடிசையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து வீடு. நடுவில் வரும் சுவர்களுக்குச் சிமெண்ட் வேண்டாம், சேறு போதும் என்று அம்மாசி சொன்னபோதுகூட, முதலாளி சிக்கனம் பார்க்கிறார் என்று நினைத்து, அவளே சேறு மிதித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து வீட்டையும் பார்க்க அந்த ஆபீஸ் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஐந்து வீட்டிலும் ஐந்து பெண்கள் பால் காய்ச்சினார்கள். வெள்ளையம்மாள் வீட்டில் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதிகாரி ஒரு டம்ளர் பால் குடித்து, "நல்லா இருங்கம்மா" என்று மனதாரச் சொல்லிவிட்டு, அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் போனார்.

ஜீப்பின் புழுதி அடங்கவில்லை. தொம்மென்று ஒரு சத்தம். பக்கத்துச் சுவர் ஆடியது. இரண்டாவது இடிக்கு முழுச்சுவரும் சரிந்து, செங்கற்கள் அடுப்பு வரைக்கும் உருண்டு வந்தன. மிச்சப் பாலில் மண் விழுந்தது. சுவர் இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம், கையில் கரண்டியோடு பக்கத்து வீட்டு இருதயமேரி நின்றாள். இருவருக்கும் நடுவில் கடப்பாரையோடு அம்மாசி.

வெள்ளையம்மாள் கத்தினாள். "யோவ், உனக்குப் பைத்தியமா?"

அம்மாசி நிமிரவே இல்லை. "அஞ்சையும் ஒண்ணாக்கி மொதலாளி மாப்பிள்ளைக்குப் பங்களா. ஆரம்பத்துலேயே சொல்லிட்டாரு. வெளியே சொன்னா வேலை போயிடும்னாரு."

ஆரம்பத்திலேயே! தினமும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சாமி படம் எந்த மூலையில் மாட்டலாம் என்று அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன ஆள். சுவர் விழுந்ததைவிட இதுதான் அவளைச் சாய்த்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழகர்சாமி வாசலில் வந்து நின்றார். "பாத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்கம்மா. ஆளுக்கு ஒரு சேலை தரச் சொல்லியிருக்கேன்."

இந்த ஆளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! வெள்ளையம்மாள் எழுந்தாள். "பால் பொங்குன வீட்டை விட்டு அன்னைக்கே யாருங்க கிளம்புவா?"

"போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. இப்பத்தான் பால் குடிச்சிட்டுப் போனாரே, அந்த அய்யாவையும் சேர்த்துக் கூப்பிடுங்க."

அழகர்சாமி வாசற்படியை விட்டு இறங்கினார். அந்த மனிதர் பின்வாங்கியதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

பின்பக்கம் பங்களாவுக்கென்று இறக்கிய சிமெண்ட் மூட்டைகள் இருந்தன. இருதயமேரி ஒன்றை இழுத்து வந்து பிரித்தாள். மற்ற வீட்டுப் பெண்களும் வந்து மணல் அள்ளிக் கொட்டிக் கலவை போட்டார்கள். வெள்ளையம்மாள் அம்மாசியிடம் கை நீட்டினாள். "கரணையைக் குடு."

"பொம்பளை கரணை பிடிக்கிறதா?" அவன் அதிர்ந்துபோனான்.

அவள் பிடுங்கிக்கொண்டாள். கலவையைப் பரப்பி, விழுந்த செங்கல்லையே எடுத்து முதல் கல்லை வைத்தாள். கோணலாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் இந்தத் தடவை அடியில் சிமெண்ட் இருந்தது.