ஆட்டுப்பால் சோப்பு, பிரமாதம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. லிப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தபோது கதவிடுக்கு வழியாக எனக்கு ஊட்டப்பட்டது. இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்றுவிட, நான் வியர்த்து விறுவிறுத்து அபாய மணியை அழுத்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்து நின்ற மெக்கானிக், “பதறாதீங்க சார், பேசிக்கிட்டே இருப்போம், நேரம் போறதே தெரியாது” என்றார். பேசியது அவர் மட்டும்தான். தன் மனைவி வீட்டிலேயே சோப்பு காய்ச்சிய கதையைச் சொன்னார். பாதியில் லிப்டு நகர்ந்துவிட்டது. நின்ற லிப்டு கிளம்பியதற்காக வருத்தப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆகவே முன்பாதி அவர் சொன்னது, பின்பாதி என் கைச்சரக்கு. ஒட்டு எங்கே என்று தேடாதீர்கள். காய்ச்சிய சோப்பில் எண்ணெய் எது, தண்ணீர் எது என்று யாராவது தேடுவார்களா?

2

முதல் வரிக்காக ரொம்பவும் அல்லாடினேன்.

[வீட்டுக்குள் நுழைந்ததும் வாசனைத் தைலத்தின் மணம் அவர் மூக்கைத் துளைத்]

துளைக்கவில்லை. துளைக்காது. சிக்கலே அதுதான். ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது மெக்கானிக்கின் மோப்பத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரும் என்று காத்திருந்தார். காய்ச்சல்கூடத் திரும்பி வந்தது, மோப்பம் வரவில்லை.

இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவர் தொழிலில் மூக்கும் ஒரு கருவி. மோட்டாருக்குள் கம்பிச்சுருள் கருகினால் புகை வருவதற்கு முன்பே வாடை வந்துவிடும். அந்த வாடை தெரியாதவனை மோட்டார் அறைக்குள் விடமாட்டார்கள். கிடங்கில் உட்கார்ந்து திருகாணி எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள்.

சரி, மனைவியிடமாவது சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய மேலதிகாரி மனைவியின் சொந்த அண்ணன்.*

* இது செயற்கையாக இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது. லிப்டில் கேட்டபோதே தோன்றியது. உள்ளே மாட்டியிருப்பவன் கதை சொல்பவரிடம் குறை சொல்ல முடியுமா?

3

மனைவிக்குத் தண்ணீர் வழங்கல் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசியை எடுக்கும் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஊரின் வசவெல்லாம் அவள் காதில்தான். குழாயில் தண்ணீர் வராததற்கு அவள் என்ன செய்வாள்? “பதிவு செய்துட்டேங்க” என்பாள், அவ்வளவுதான். இப்படி நாள் முழுக்கத் திட்டு வாங்கியவளுக்குத் தன் கையால் உருப்படியாக ஒன்று செய்து பார்க்கவேண்டும் என்ற ஆசை வந்தது. தேன்மெழுகை உருக்கி உதட்டுப் பூச்சு செய்தாள். கடலை மாவில் முகப்பூச்சு குழைத்தாள். சர்க்கரையையும் எண்ணெயையும் கலந்து உடம்புக்குத் தேய்க்க ஒன்று செய்து குளிர்பெட்டியில் வைத்தாள். மெக்கானிக் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, “இந்த ஜாம் தேவலையே” என்றார்.

[இந்த இடத்தில் அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கணவன் எதையும் பார்க்காமல் வாயில் போடுவது அந்த வீட்டில் புதிதல்ல.]

பிறகு சோப்பில் இறங்கினாள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு முழங்கை வரை உறை. சமையலறைக்குள் அவளைப் பார்த்தால் வெடிகுண்டைச் செயலிழக்க வைக்க வந்தவள் மாதிரி இருக்கும். தைலங்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவள் மூக்கு அலுத்துப்போயிருந்தது. அதனால் ஒவ்வொரு சோப்பையும் கணவர் முன்னால் நீட்டுவாள்.

“வாசனை எப்படிங்க?”

“பிரமாதம்.”

அந்த ஒரு சொல்லுக்கு அவள் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆகும். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கும் ருசி கண்டுவிட்டது.

கடைசியில் ஆட்டுப்பால் சோப்பு. தண்ணீருக்குப் பதில் பாலில் காஸ்டிக் சோடாவைப் போட்டாள். பாலை உறையவைத்துப் பனிக்கட்டியாக்கிவிட்டுப் போட்டிருக்க வேண்டும். தெரியாமல் அப்படியே போட்டாள். பால் சூடேறிக் காவி நிறமாகிக் கருகியது. எழும்பிய நெடிக்கு அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

“இது எப்படிங்க?”

“இதுதான் இருக்கறதுலயே பிரமாதம்.”

அவள் அதை அழகான தாளில் சுற்றி அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

4

அண்ணன் நேரில் வந்தார். வாசலிலேயே நின்றார்.

“தங்கச்சி கொடுத்ததாச்சேன்னு குளிச்சிட்டேன். லிப்டுல ஏறினேன் பாரு, கூட இருந்த அத்தனை பேரும் அடுத்த மாடியிலயே இறங்கிட்டாங்க. உங்க அண்ணி என்னைப் பால்கனியில உட்கார வெச்சு சோறு போடறா. என்னம்மா போட்ட அதுல?”

“அவர்தான் பிரமாதம்னு சொன்னாரு…”

“மாப்பிள்ளையா?” அண்ணன் மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். “மாப்பிள்ளைக்கு என் மேல ஏதோ கோபம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் அவள் திரும்பினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.

“ஊர்ல எல்லாரும் என்கிட்ட குறைதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அதுவும் கேலியா?”

மெக்கானிக் தரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மெக்கானிக் வேலை போகும். சொல்லாவிட்டால் இவள் இனி அடுப்புப் பக்கமே போகமாட்டாள்.

“எனக்கு மூக்கு வேலை செய்யலைம்மா.”

“இது அடுத்த பொய்யா?”

அவர் கண்ணைத் துண்டால் கட்டினாள். வெங்காயத்தை நறுக்கி நீட்டினாள். “பூவா?” என்றார். வினிகரை நீட்டினாள். “தண்ணி.” அவருடைய காலுறையையே சுருட்டி மூக்கடியில் வைத்தாள். வெகுநேரம் இழுத்து முகர்ந்துவிட்டு, “இதுதான் அந்த ஆட்டுப்பால்” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதிச் சிரிப்பில் அழுதாள்.

“அப்போ வாசனையே தெரியாமத்தான் எல்லாத்தையும் பிரமாதம்னீங்களா?”

“வாசனை தெரியலை. கேட்கும்போது உன் மூஞ்சி தெரிஞ்சுதே. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.”

5

ஒட்டுப் போட்ட இடம் இதுதான். தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நானே காட்டிக்கொடுக்கிறேன். லிப்டு நகர்ந்தது இங்கே.

இத்தோடு முடித்திருக்கலாம், இனிப்பாக இருந்திருக்கும். ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்போ மோட்டார் கருகினா உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டாள். நான் கேட்கச் சொல்லவில்லை. அவளாகவே கேட்டாள்.

“தொட்டுப் பார்ப்பேன். சூடு தெரியும்.”

“தொடறதுக்கு முன்னாடி?”

அவர் கண்ணைக் கட்டியிருந்த துண்டை மடிக்கத் தொடங்கினார்.

அதன்பின் நான் எழுதிப் பார்த்தவை:

ஆட்டுப்பால் சோப்பின் வீரியத்தால் மோப்பம் திரும்பி வந்துவிடுகிறது. முதலில் முகர்ந்தது அந்தச் சோப்பையே. வாந்தி எடுத்தபடி ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். [அடித்துவிட்டேன். மருத்துவர்கள் என்னை உதைப்பார்கள்.]

இருவரும் அண்ணனுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறார்கள். ஒருநாள் ஒரு மோட்டார் அறையில் [இல்லை. அந்தப் பெட்டிக்குள் நின்றவன் நான். இதை என்னால் எழுத முடியாது.]

மிச்சம் இருப்பது இது. சாப்பாட்டு மேசை. அறுக்காத சோப்புப் பாளம் ஒன்று நடுவில். இதில் எந்தத் தைலமும் விடவில்லை. அவர் ஒரு மூலையை வெட்டிக் கழுவுதொட்டியில் கை கழுவிப் பார்த்தார்.

“நுரை பத்தலை. கையும் இழுத்துப் பிடிக்குது.”

“பிரமாதம்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?” என்றாள். ஆனாலும் அடுத்த முறை விளக்கெண்ணெய் கொஞ்சம் கூடுதலாக விடவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

பிறகு அவருடைய கைபேசியை எடுத்து அண்ணனை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

மணி அடித்தது. மறுமுனையில் எடுத்தார்கள்.

“சொல்லுங்க மாப்பிள்ளை. இன்னொரு சோப்பு அனுப்பறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிடறேன்.”

மெக்கானிக் வாயைத் திறந்தார். அதற்குமேல் எனக்கு ஒரு வரியும் வரவில்லை. அவர் சொல்லவேண்டும் என்பது லிப்டில் போகிறவனின் ஆசை. சொல்லக்கூடாது என்பது அவரோடு சிரித்தவனின் ஆசை. இரண்டு பேரும் நானாக இருப்பதால் பேனாவை உங்களிடம் தள்ளிவிடுகிறேன். நீங்களும் லிப்டில் ஏறுகிறவர்தானே.

“ஹலோ? மாப்பிள்ளை? லைன்ல இருக்கீங்களா?”

பேசுங்கள்.