நாற்பதாவது முகம்

பொன்னுவேலின் முகத்தில் கடைசிக் கரண்டி பாரிஸ் சாந்து விழுந்தபோது மணி பதினொன்று. தேவகுமாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். இருபது நிமிடம். அதற்குள் சாந்து சூடேறி, இறுகி, முகத்தை அப்படியே அச்செடுத்துவிடும்.

அவள் சென்னையில் சிற்பம் கற்பிக்கும் விரிவுரையாளர். பிறந்த மலையின் மக்களுடைய முகங்களையே ஆய்வுக்கு எடுத்திருந்தாள். நாற்பது முகம் வேண்டும், முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. ஊர் ஊராக அவளை அழைத்துப்போய், ஒவ்வொருவரையும் சம்மதிக்க வைத்தவன் கிளியூர் விவசாயி பொன்னுவேல். அவனைக் கடைசிக்கு வைத்திருந்தாள், ஆசையாகத்தான். இன்னும் ஒன்பது நாளில் சேலத்தில் இருவருக்கும் பதிவுத் திருமணம்.

வாழவந்தியில் ஒரு பழைய காபிக் கிடங்கு. பெஞ்சில் மல்லாந்து கிடந்தவனைக் கழுத்துவரை வெள்ளைத் துணி மூடியிருந்தது. மூக்கில் இரண்டு பப்பாளித் தண்டுக் குழாய். வலது கை மட்டும் துணிக்கு வெளியே.

"அமுதா, இவரால இப்ப பேச முடியாது, பார்க்க முடியாது. விரல்தான் வாய். ஒரு விரல்னா சௌகரியம். ரெண்டு விரல்னா?"

"மூச்சு முட்டுது மேடம். உடனே பிரிச்சிடணும்" என்றாள் மாணவி.

கதவு உதைபட்டுத் திறந்தது. பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் தேவகுமாரியின் அண்ணன் மரியதாஸ் நின்றான். கையில் காபிச் செடி கவாத்துப் பண்ணுகிற கத்தி.

"எங்கடி அவன்?"

"யாருங்கண்ணா?"

"மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க வேண்டிய உம்பேரு, ரிஜிஸ்டர் ஆபீஸ் போர்டுல அவம்பேரோட தொங்குது. ஊரே பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லுது. அவன் தலையக் கிளியூர் ரோட்டுல உருட்டாம விடமாட்டேன்."

"அவரு பஜாருக்குப் போயிருக்காருங்க."

"இது யாரு, பொணமாட்டம்?"

"வெள்ளக்கடை ஊரு மாதையனுங்க."

துணிக்கு வெளியே கிடந்த கையில் ஒரு விரல் நிமிர்ந்தது. அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் சௌகரியம் என்கிறான்!

"வரட்டும். நானும் இருக்கேன்." மரியதாஸ் கத்தியின் முனையைப் பெருவிரலில் தடவிப் பார்த்தான். பிறகு பெஞ்சருகே குனிந்தான். "ஏனுங்க மாதையன், உங்காளு எங்க ஊட்டுப் புள்ளையக் கட்டுவாராமா? அவ்வளவு தெகிரியமுங்களா? பதில் சொல்லுங்க!"

சொல்லிக்கொண்டே பெஞ்சுக் காலை ஓங்கி உதைத்தான். பெஞ்சு ஒருபக்கம் குலுங்கியது. ஒரு குழாய் தெறித்து விழுந்தது, இன்னொன்று ஒடிந்தது. வழிந்த சாந்து இரண்டு துளைகளையும் அடைத்தது.

இரண்டு விரல் எழுந்தது.

"என்னுங்க, ரெண்டுக்கு வருதுங்களா?" மரியதாஸ் சிரித்தான்.

விரல்கள் துடித்தன. துணிக்குள் கால்கள் உதறின.

"மேடம், ரெண்டு விரல்!" அமுதா அலறினாள்.

பிரித்தால் கத்தி. பிரிக்காவிட்டால் மூச்சு நின்றுவிடும். கத்தியோடாவது சண்டை போடலாம். மூச்சில்லாதவனை மடியில் போட்டுக்கொண்டு யாரோடு சண்டை போடுவது? தேவகுமாரி இரண்டு கையாலும் சாந்தைப் பிய்த்தாள். பாதி இறுகியது பாளம் பாளமாக உடைந்து, புருவ மயிரையும் தோலையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. பொன்னுவேல் எழுந்து உட்கார்ந்து காற்றை விழுங்கினான். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது.

மரியதாஸின் சிரிப்பு அப்படியே நின்றது.

முதல் வெட்டு தோளில் இறங்கியது. வெள்ளைத் துணி நனைந்து சிவந்தது. இரண்டாவது வெட்டுக்குக் கத்தி கழுத்துக்கு நேராக உயர்ந்தபோது, தேவகுமாரியின் கையில் உளியடிக்கும் கொட்டாப்புளி இருந்தது. அண்ணனின் மணிக்கட்டில் உடம்பின் பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள். காய்ந்த கிளை முறிகிற சத்தம். கத்தி விழுந்தது. இடது கையால் அவன் அறைந்ததில் அவள் உதடு கிழிந்தது. அவள் முழங்காலைப் பார்த்து மறுபடி அடித்தாள். அவன் சாக்குகளின் மேல் சரிந்தான். அமுதா கத்தியை எடுத்து ஜன்னல் வழியாகக் காபிக் காட்டுக்குள் வீசினாள்.

"எழுதற கை போச்சே!" மரியதாஸ் குழந்தையைப் போல அழுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போக அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பொன்னுவேலின் தோளை அமுதா இறுக்கிக் கட்டினாள். தேவகுமாரி மிச்சச் சாந்தைக் கரைத்து, துணிக் கீற்றுகளை அதில் முக்கினாள். பலகைச் சிம்பு வைத்து அண்ணனின் மணிக்கட்டைச் சுற்றத் தொடங்கினாள்.

"சுடுதுடி!"

"சுடும். ஆடாதீங்க. ஆடுனா எலும்பு கோணலாக் கூடிக்கும். இருபது நிமிஷம்."

பெஞ்சிலிருந்து பொன்னுவேலின் குரல் கரகரத்து வந்தது. "அமுதா கண்ணு, எம்மச்சானுக்குக் கொஞ்சம் தண்ணி குடு."

மரியதாஸ் பல்லைக் கடித்தான். தேவகுமாரி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இந்த ஒரு வருசமா நான் வாயத் தொறந்தாலே எந்திரிச்சுப் போயிருவீங்க. இன்னிக்குக் கேளுங்க. எங்க கல்யாணம் பத்தொம்பதாந் தேதிங்கண்ணா..."

அவன் எழப் பார்த்தான். சூடேறிக்கொண்டிருந்த சாந்து அவனை உட்கார வைத்தது.