முன்பக்கம் பதில் இல்லை

பின்பக்கக் கயிறுகளை மாட்டியாகிவிட்டது. மேஸ்திரி வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோய், "பின்பக்கம் ஆல் ஃபாஸ்ட்" என்றார்.

அடுத்து முன்பக்கத்திலிருந்து அதே சொல் வரவேண்டும். வரவில்லை.

கப்பலைக் கரையோடு சேர்த்துக் கட்டும்போது கடைசியாகச் சொல்லப்படுவது அது. கயிறு கரையிலுள்ள இரும்புத் தூணில் விழுந்துவிட்டது, மாட்டியவன் கையை எடுத்துக்கொண்டு விலகிவிட்டான் என்று பொருள். இரண்டு முனையிலிருந்தும் அது வந்த பிறகுதான், கப்பலைத் துறைக்குள் கொண்டுவரும் பைலட் இழுவைப் படகை விடுவிப்பார். அதுவரை படகு கப்பலைக் கரையோடு பிடித்திருக்கும். படகு விலகினால் காற்று கப்பலை வெளியே தள்ளும், கயிறுகள் கம்பிபோல் விறைக்கும். அதனால் கயிற்றை மாட்டியவன்தான் அதைச் சொல்லவேண்டும். அவனுக்காக இன்னொருவன் சொல்லக்கூடாது.

முன்பக்கம் இருந்தவர் மேஸ்திரியின் அக்கா வீட்டுக்காரர்.

"முன்பக்கம், சொல்லுங்க."

இரைச்சல் மட்டும்.

"உங்க அத்தானுக்கு அந்த ஒரு வார்த்தையும் தீந்துபோச்சு போல," என்றான் பக்கத்தில் நின்ற ஒட்டகம். உயரத்துக்காக வந்த பெயர். "இத்தன நாளா உங்களுக்குள்ள ஓடிட்டிருந்ததே அது ஒண்ணுதான்."

"வாய மூடு."

மேஸ்திரியின் அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்பதில் வந்த சண்டை. "உங்கம்மாவுக்கு மகன்னு ஒருத்தன் இருக்கானே, ஞாபகம் இருக்கா?" என்று அத்தான் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. இன்று காலை ஆள் பிரிக்கும்போது மேஸ்திரி மற்ற எல்லோரையும் தன்னோடு பின்பக்கம் வைத்துக்கொண்டார்.

"அவர் தனியாவா?" என்று ஒட்டகம் கேட்டான்.

"எல்லாம் தெரிஞ்சவரு. அவருக்கு எதுக்குத் துணை?"

அத்தான் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. பைலட். "மேஸ்திரி, முன்னாடி என்ன ஆச்சு?"

"கேட்டுக்கிட்டிருக்கேன் சார்."

"கயிறு இறுகித்தான் நிக்குது, இங்கிருந்தே தெரியுது. படகுக்காக அடுத்த கப்பல் காத்திட்டிருக்கு. நீங்களே சொல்லிடுங்க, விட்டுடறேன்."

மேஸ்திரி முன்பக்கம் பார்த்தார். மழை. நடுவில் அடுக்கிவைத்த கன்டெய்னர்கள். தூண் தெரியவில்லை.

பைலட் முன்னால் மேஸ்திரியின் மூக்கை உடைக்க இதைவிட நல்ல நேரம் அத்தானுக்குக் கிடைக்காது. செய்யக்கூடியவர்தான். மேஸ்திரி பொத்தானை அழுத்தினார். சொல் நாக்கு வரை வந்தது.

அத்தான் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததை மேஸ்திரி பார்த்திருக்கிறார். பெற்ற பிள்ளைகளோடு பேசாமல் இருந்ததையும் பார்த்திருக்கிறார். வேலையில் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்ததில்லை.

"படகை விடாதீங்க சார்."

"ஏன்?"

"தெரியல. விடாதீங்க."

ஓடினார். ஈரத்தில் ஒருமுறை சறுக்கி முழங்காலில் விழுந்து எழுந்தார். ஒட்டகம் பின்னால் வந்தான்.

அத்தான் தூணைக் கட்டிப்பிடித்தபடி மண்டியிட்டிருந்தார். வலது கை கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவே. கயிறு தூணில் விழுந்ததைப் பார்த்ததும், சொல்லுக்குக் காத்திராமல், கப்பலில் இருந்தவன் கயிற்றை இழுக்கும் வின்ச்சை ஓட்டிவிட்டான். அத்தானின் வாக்கி-டாக்கி தண்ணீருக்குள் போயிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்திருந்தது.

மேஸ்திரி தன் வாக்கி-டாக்கியில் கத்தினார். "முன்கயித்தத் தளர்த்தச் சொல்லுங்க சார். கை மாட்டியிருக்கு. படகு நல்லா அழுத்திப் பிடிக்கட்டும்."

மேலே கப்பலில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. கயிறு அசையவில்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பிழிபட்டு விழுந்தது.

"படகு போயிடுச்சா மாப்ள?"

"இல்ல. இருக்கு."

"இப்போ போவும், இப்போ போவும்னே பாத்துட்டிருந்தேன்."

"போகாது."

கயிறு மெல்லத் தளர்ந்தது. மேஸ்திரியும் ஒட்டகமும் அதைத் தூக்கினார்கள். கை வெளியே வந்தது. கையுறைக்குள் இரண்டு விரல்கள் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தன.

ஆம்புலன்ஸில் மேஸ்திரியும் ஏறினார்.

"நீ எதுக்கு? கப்பலப் பாரு."

"ஒட்டகம் பாத்துக்குவான்."

வண்டி நகர்ந்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "அக்காவுக்கு நீயே போன் பண்ணு. நான் பேசுனா குரல வச்சே பயந்துருவா. கூட யாரு இருந்தான்னு கேட்டா, ரெண்டு பேரு இருந்தாங்கன்னு சொல்லிடு."

மேஸ்திரி எண்ணை அழுத்தினார். அக்கா உடனே எடுத்தாள்.

"தனியா அனுப்பினது நான்தான்க்கா."

"யாரடா? எங்க?" என்றாள் அக்கா. "என்ன உளர்ற?"

அவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.