தொட்டிக்குத் தெற்கே

புனேயில், தாபோடியில், அச்சுதன் வீட்டு மொட்டை மாடியில் யார் கண்ணிலும் படாத இடம் ஒன்றுதான் இருந்தது. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சிறிய அறை. அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. அறைக் கதவு வடக்கே திறக்கும். சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனால் ஒரு சுவர், ஒரு குழாய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தூரத்தில் ரயில் பாதை. லோக்கலில் போகிறவர்கள் வேண்டுமானால் பார்க்கலாம். அவர்கள் வந்து அவர் மனைவி விசாலாக்ஷியிடம் சொல்லப்போவதில்லை.

நாற்காலிக்குக் கீழே ஒரு தகர டப்பா. மூடியில் ‘வாஷர்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பாகர்வடி.

அச்சுதன் ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு சர்க்கரை வந்தது. அன்று முதல் வீட்டில் அவர் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் விசாலாக்ஷி தணிக்கை செய்தாள். அவர் அலுவலகத்தில் செய்ததைவிடக் கண்டிப்பாக. தினமும் சாயங்காலம் ‘காத்து வாங்கிட்டு வரேன்’ என்று மாடிக்குப் போவார். தெற்கே பார்த்து உட்காருவார். சுருட்டிப் பொரித்த அந்த வட்டங்கள் இரண்டைத் தின்பார். முதலில் இனிக்கும், பிறகு உறைக்கும். அந்தக் கொஞ்ச நேரம் அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மே மாதக் கடைசியில் மகள் ஸ்நேஹா பாணேரிலிருந்து காரில் வந்தாள். டிக்கியில் நீளமான அட்டைப்பெட்டி.

“அம்மா, உன் ஆர்க்கிட்டுக்கு கிரீன்ஹவுஸ். இனிமே குளிர்ல சாகாது.”

போன குளிர்காலத்தில் விசாலாக்ஷியின் ஆர்க்கிட்டுகளில் பாதி போய்விட்டன. மீதியில் ஒரு வெள்ளை ஆர்க்கிட், வாங்கியதிலிருந்து பூக்காமல் ஏமாற்றிக்கொண்டிருந்தது. அதற்காக அவள் முருகனிடம் தனியாகப் பேசியிருந்தாள்.

“எங்கேம்மா வைக்கலாம்?”

“தொட்டிக்குப் பின்னாடி” என்றாள் விசாலாக்ஷி. “சும்மாதானே கிடக்கு. குழாயும் இருக்கு.”

அச்சுதன் காபியைக் கீழே வைத்தார்.

“அங்கே வேண்டாம்.”

“ஏன்னா?”

“காத்து அடிக்கும்.”

“நீங்க காத்து வாங்கத்தானே அங்கே போறேள்?”

“வாங்கறது வேற. இது பிளாஸ்டிக் ஷீட். பிச்சிண்டு போய் தண்டவாளத்துல விழும். ரயில்வேக்காரன் கேஸ் போடுவான்.”

“சுவர் ஓரமா வச்சா எப்படிப் பிச்சிக்கும்?”

“தொட்டி ஒழுகினா?”

“ஒழுகறது தொட்டி இல்லை, குழாய். ஒரு வருஷமா சொட்டறது. டப்பா நிறைய வாஷர் வச்சிண்டிருக்கேள், ஒண்ணை மாத்தப்படாதோ?”

“அதெல்லாம் அளவு சரியா இல்லை.”

ஸ்நேஹா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, இதுல சௌத் சைடுதான் பெஸ்ட்னு போட்டிருக்கு. எல்லா வீடியோலயும் அதான் சொல்றான்.”

“யார் சொல்றான்?”

“ஒரு இங்கிலீஷ்காரன். கார்டனர்.”

“அது இங்கிலாந்துக்கு. இது தாபோடி.”

சொல்லிவிட்டாரே தவிர, கையில் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் பேசியவர்களை அவர் வேலை பார்த்த நாளெல்லாம் மடக்கியிருக்கிறார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நிழல் விழும் இடத்தைத் தரையில் கோடு போட்டுக் குறிப்பது என்று திட்டம். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வது என்பதும் திட்டத்தில் இருந்தது.

தேவைப்படவில்லை. காலையில் நிழல் தெற்கு ஓரம் விழுந்தது. சாயங்காலமும் தெற்கு ஓரம் விழுந்தது. உச்சிப் பொழுதில் சூரியன் தலைக்கு நேரே நின்றது. உற்றுப் பார்த்தால் சற்று வடக்கே. தெற்குச் சுவரில் நாள் முழுவதும் வெயில் படவே இல்லை. பொய் சொல்லத் தயாராக இருந்தவருக்கு உண்மை தானாக வந்து வாய்த்தது. அவருக்கே கொஞ்சம் புல்லரித்தது.

மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“பார்த்துக்கோ. இங்கே பூரா நிழல். வடக்கே பூரா வெயில். செடிக்கு எது வேணும்?”

விசாலாக்ஷி கோடுகளைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். கணவரையும் பார்த்தாள்.

“நீங்க இவ்வளவு சிரத்தையா ஒரு காரியம் பண்ணி நான் பார்த்ததே இல்லைன்னா.”

“செடின்னா சும்மாவா?”

பசுமைக் குடிலை வடக்குப் பக்கம், அறைக் கதவுக்கு எதிரே நிறுத்தினார்கள். எல்லாத் திருகையும் அச்சுதனே முடுக்கினார். மூலைகளுக்குச் செங்கல் சுமந்தார். கதவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் யோசித்து, மேற்கே மழைச்சாரல் அடிக்கும் என்று கிழக்கே வைத்தார். அதுவும் சரியான முடிவுதான். விசாலாக்ஷி பக்கத்து வீடுகளில் எல்லாம் அவரைப் பற்றிச் சொன்னாள். அன்று சாயங்காலம் அவர் மூன்று தின்றார்.

மழைக்காலம் நன்றாகப் போயிற்று. குடிலுக்குள் செடிகள் பச்சை பிடித்தன. கணபதி வந்து போனார். நவராத்திரி முடிந்தது. தீபாவளிக்கு அக்கம்பக்கத்தில் கொடுத்த பட்சணங்களை விசாலாக்ஷி எண்ணி உள்ளே வைத்தாள். டப்பாவில் என்னவோ குறையவில்லை.

பிறகு குளிர் வந்தது. வெள்ளை ஆர்க்கிட் ஒரு காம்பு விட்டது. காம்பில் மொட்டுகள். விசாலாக்ஷி அதைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து நுனி மொட்டு மஞ்சளாகி விழுந்தது. மறுநாள் இன்னொன்று.

“உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி இருக்குன்னா. ஸ்வெட்டர் போட்டுண்டுதான் தண்ணி விடறேன்.”

“பனி.”

“மத்தியானம் கூடவா பனி?”

“புனேன்னா அப்படித்தான்.”

மார்கழி அமாவாசை வந்தது. அச்சுதன் கூடத்தில் உட்கார்ந்து தர்ப்பணம் செய்தார். “தக்ஷிணாயனே, ஹேமந்த ருதௌ” என்று வழக்கமான வேகத்தில் சங்கல்பம் ஓடியது. முடித்துச் சாப்பிட்டார். “வெயில்ல கொஞ்சம் இருந்துட்டு வரேன்” என்று மாடிக்குப் போனார். குளிர் தொடங்கியதிலிருந்து அவர் சாயங்காலத்தை மத்தியானத்துக்கு மாற்றியிருந்தார்.

விசாலாக்ஷி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள். வெயிலில் இருந்துவிட்டு வருகிறாராம். எந்த வெயில்?

மாடிக்குப் போனாள். குடிலின் மேல் நிழல். குடிலைச் சுற்றியும் நிழல். செருப்பில்லாத காலுக்குத் தரை சில்லிட்டது. நான்கு எட்டு நடந்தாள். அங்கேயும் சில்லென்று இருந்தது. அறையைச் சுற்றிக்கொண்டு போனாள். மூலை திரும்பியதும் தரை சுட்டது.

தெற்குச் சுவர் முழுக்க மஞ்சள் வெயில். நடுவில் நாற்காலி. நாற்காலியில் அச்சுதன், பூணூலும் வேட்டியுமாக, கண்ணை மூடிக்கொண்டு. மடியில் டப்பா. வாயில் பாதி பாகர்வடி.

“அமாவாசையும் அதுவுமா” என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். மென்று விழுங்கினார். துப்புவதா என்று யோசித்த மாதிரி இருந்தது.

“அன்னிக்கு இங்கே நிழல்தான் விழுந்தது விசாலம். நீயும் பார்த்தே.”

“பார்த்தேன்.”

“சூரியன் வடக்கே இருந்தது. நான் பொய் சொல்லலை.”

“மாசா மாசம் உத்தராயணே, தக்ஷிணாயனேன்னு சொல்றேளே. அது யாருக்கு, எனக்கா?”

அத்தனை வருடமாகச் சொல்லி வருகிற அந்த வார்த்தைக்கு, சூரியன் தெற்கே வரும் என்று ஒரு அர்த்தம் இருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாகர்வடியும் உறைத்தது.

விசாலாக்ஷி கையை நீட்டினாள். அவர் டப்பாவைக் கொடுத்தார். அவள் மூடியைப் படித்தாள். உள்ளே பார்த்தாள். பக்கத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஆமாம்” என்றாள். “அளவு சரியா இல்லைதான்.”

ஞாயிற்றுக்கிழமை ஸ்நேஹா வந்தாள். குடிலைப் பிரித்தார்கள். அச்சுதன் எல்லாத் திருகையும் கழற்றினார். செங்கல் சுமந்தார். தெற்குச் சுவரோரம் மறுபடி எல்லாத் திருகையும் முடுக்கினார். ஸ்நேஹா உதவவில்லை. அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

“அப்பா, இப்ப இது இங்கிலாந்தா?”

“ஸ்பானரை எடு.”

வெள்ளை ஆர்க்கிட்டில் ஒரே ஒரு மொட்டு மிச்சம் இருந்தது. பொங்கலுக்கு முதல் நாள் அது விரிந்தது. விசாலாக்ஷி தெருவில் பாதிப் பேரை மாடிக்கு அழைத்துவந்து காட்டினாள். குடிலுக்கு இடம் பார்த்தது யார் என்று கேட்டவர்களிடம், “இவர்தான், ரெண்டு தடவை” என்றாள்.

வேறு இடமில்லாததால் நாற்காலி இப்போது குடிலுக்குள் இருந்தது. உள்ளே கதகதப்பாகத்தான் இருந்தது. ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி மாதிரி. செடியைப் பார்க்க விசாலாக்ஷி எப்போது வேண்டுமானாலும் வந்தாள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

ஒரு நாள் அவள் கோவிலுக்குப் போயிருந்தபோது அச்சுதன் உள்ளே போய் உட்கார்ந்தார். டப்பா பழைய இடத்திலேயே, நாற்காலிக்கு அடியில் இருந்தது. கையில் எடுத்தார். கனமாக இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தார்.

உள்ளே வாஷர். கறுப்பு ரப்பர், டப்பா நிறைய.

ஒரு லோக்கல் போயிற்று. ஜன்னலோரம் இருந்த ஒருவன் அவரைப் பார்த்துக் கையசைத்தான். வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அச்சுதன் ஒரு வாஷரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அளவு சரியாக இருந்தது.