டீலியா வீட்டில் விட்ட நெருப்பு

அடுப்பு பொருத்தும் ஃபின்டன் முழங்காலிட்டுக் கணப்புக்குள் தலையை நுழைத்து, டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தான். அவனுக்கு வசதியாக அட்ராக்டா நெருப்பைச் சாம்பலுக்குள் தள்ளி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். அப்படியும் அவன் வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கதவு வெச்ச புது அடுப்பு மட்டும் ஆயிரத்து இருநூறு யூரோம்மா. புகைபோக்கிக்குள்ள இரும்புக் குழாய் இறக்கணும், அது ஒரு ஆயிரம். பழைய கல்லை இடிக்கணும், கீழே புதுக்கல் போடணும், சுவத்துல காத்து வர ஓட்டை வேற. எல்லாம் சேர்ந்து மூவாயிரத்துக்கு மேல போயிடும்."

நாற்காலியில் இருந்த மாலகி சிரித்தான். "அவ்வளவு காசு குடுத்தா பிஷப்பே வந்து ஊதிவிட்டுப் போவாரேப்பா."

சிரிப்பு இருமலாக மாறியது. அவன் இருமி முடிக்கும்வரை மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்ராக்டாவின் அண்ணன் அவன். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே கிழமாகிவிட்டவர்கள். ஊர் நர்ஸ் போன மாதமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "ஒண்ணு புகை இந்த வீட்டை விட்டுப் போகணும். இல்லேன்னா இவர் போகணும்." எங்கே போகவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பாலினா நகரத்தில் இருந்த முதியோர் விடுதி எல்லோருக்கும் தெரியும். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை என்பதும் தெரியும்.

அந்த ஊரில் எல்லோரும் தங்களைப் புதைக்கத் தாங்களே கூட்டுறவுச் சங்கத்தில் காசு போட்டு வைப்பார்கள். அடுத்தவர் காசில் குழிக்குள் போவது அங்கே பெரிய மானக்கேடு. அண்ணன் தங்கை இருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தது. அடுப்புக்காக அட்ராக்டா எடுத்தது அவனுடையதை.

"என்னைப் புதைக்க வெச்ச காசையா?"

"நீ சாகாம இருக்கத்தான் எடுக்கறேன்."

"அப்போ செத்தா அந்த அடுப்புக்குள்ளயே வெச்சு மூடிடுடி. கண்ணாடிக் கதவுதானே, வர்றவங்க எட்டிப் பாத்துக்கட்டும்."

அவன் சம்மதித்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான். புகைபோக்கி ஆறினால்தான் வேலை தொடங்க முடியும் என்று ஃபின்டன் சொல்லியிருந்தான். ஆனால் அந்த நெருப்பு அவர்களுடைய கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து அணைந்ததில்லை. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த எரிமண் கட்டிகளின் கங்குகளை இரவில் சாம்பலால் மூடுவார்கள். காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அம்மா போனபின் அந்த வேலை அட்ராக்டாவின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. கால்வே நகரத்தில் சித்தி மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது எல்லோரும் ஆடத் தொடங்கிய நேரத்தில் கடைசிப் பேருந்தைப் பிடித்து ஓடிவந்தாள். போகக்கூடாது என்று யாரும் அவளைத் தடுத்ததில்லை. நெருப்பு இருந்தது, அவ்வளவுதான்.

"டீலியாகிட்ட குடுத்து வை," என்றான் மாலகி. "வேலை முடிஞ்சதும் திரும்ப வாங்கிக்கலாம்."

சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த டீலியா ஒரு விதவை. அவள் வீட்டில் எரிமண் போட்டு எரிக்கும் பெரிய சமையல் அடுப்பு இருந்தது. அட்ராக்டா கங்குகளைத் தகர வாளியில் அள்ளிக்கொண்டு போனாள். மாலகி சவ ஊர்வலம் கடந்து போவதைப் போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றான். அவள் திரும்பி வந்து கறுத்துக் கிடந்த கணப்பைப் பார்த்தாள். மழையில் ஊறிய கோட்டைத் தோளிலிருந்து கழற்றிப் போட்டது போலிருந்தது. அப்படித் தோன்றியதற்காக உடனே சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

ஃபின்டன் இடித்தான். இடித்தபிறகுதான் புகைபோக்கி நடுவில் வளைந்து போவது தெரிந்தது. அவன் கொண்டுவந்திருந்த குழாய் அந்த வளைவில் நுழையவில்லை. வேறு குழாய் வரவேண்டும், இன்னொரு அறுநூறு ஆகும் என்றான். அதற்கும் அவள் தலையாட்டினாள். சுவரில் வாய் பிளந்த ஓட்டைமேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஆணியடித்துவிட்டு அவன் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டான். காற்று அடிக்கும்போதெல்லாம் அந்தத் தாள் உப்பியது, பிறகு உள்ளே ஒடுங்கியது. மாலகியின் நெஞ்சும் அப்படித்தான் ஏறி இறங்கியது.

மாலகி ஒவ்வொரு மாலையும் சாலையைக் கடந்து டீலியா வீட்டுக்குப் போகத் தொடங்கினான். குளிருக்காகப் போகவில்லை. வீட்டில் மின்கணப்பு ஒன்றை அட்ராக்டா இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

"எப்படி இருக்கு உன் நெருப்பு?" என்று அவன் திரும்பியதும் கேட்பாள்.

"நல்லாத்தான் இருக்கு. புது வீடு பாரு, கொஞ்சம் கூச்சப்படுது."

ஒருநாள் டீலியா வேலியோரம் அவளை நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"அட்ராக்டா, அது அணைஞ்சு போச்சுடி. குடுத்த மறுநாளே. எந்திரிக்க நேரமாயிடுச்சு, பாத்தா வெறும் சாம்பல். கடையில விக்கிற, தீ மூட்டற வெள்ளைக்கட்டியப் போட்டுத்தான் பத்தவெச்சேன். அவன் வந்து அது எதிர்ல உக்காந்து பேசிக்கிட்டிருக்கான். நான் எப்படிச் சொல்றது? நீயும் சொல்லிடாதே."

"சொல்லமாட்டேன்," என்றாள் அட்ராக்டா.

வீட்டுக்கு நடந்து வரும்போது தன் வாய் தானாகச் சிரிப்பதை அவள் கவனித்தாள். நெருப்பு செத்துவிட்டது. அவள் கொல்லவில்லை. அதுவாகவே செத்தது.

சொல்லாமல் இருப்பது இரக்கம் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டாள். ஆனால் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நவம்பர் மழையில் அவன் சாலையைக் கடக்கமாட்டான். கோபித்துக்கொண்டு வீட்டிலேயே, போர்வைக்குள், மின்கணப்பின் எதிரே உட்கார்ந்திருப்பான். அந்த வார்த்தையை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். ஏனென்றால் அந்த மாலைகள் இருந்தன. அவன் போனதும் வானொலியைத் திருப்பிவிட்டு அவனுடைய நாற்காலியில் உட்காருவாள். தேநீர் தானாக ஆறும். அடுத்த இருமலுக்காகக் காதைத் தீட்டிவைக்க வேண்டியதில்லை, எழுந்து கங்குகளைப் பார்க்க வேண்டியதில்லை. தனக்கென்று ஒரு வீடு இருந்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள இத்தனை வயதாகியிருந்தது. கேட் சத்தம் கேட்டதும் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவாள்.

ஒரு மாலை மழை படுக்கைவாட்டில் அடித்தது. மாலகி கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் தயங்கி நின்றான்.

"இன்னிக்கு வேணாமோ?"

அட்ராக்டா அவனுடைய காலரை மேலே தூக்கிவிட்டாள்.

"உன் இஷ்டம். அது உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

அவன் போனான். நனைந்து ஊறித் திரும்பினான். இரண்டு நாள் கழித்து ஆம்புலன்ஸ் வந்தபோது கோட்டு ஆணியில் ஈரமாகத்தான் தொங்கியது. அவனைப் போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். நிமோனியா என்றார்கள். அந்த நுரையீரலில் தாங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றார் டாக்டர், அன்பாகத்தான்.

உடல் வீட்டுக்கு வருவதற்கு முன் ஃபின்டன் அவசரமாக வந்து அடுப்பைப் பொருத்தி, தரையைக் கூட்டிவிட்டுப் போனான். அவன் முகத்தைத் தூக்கவே இல்லை. ஆனால் சவ அடக்கக்காரர் பெட்டியை இறக்கியதும் முதலில் சொன்னது இதுதான்:

"இந்த ரூம்ல சூடு கூடாதும்மா. நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கணும் இல்லையா."

ஆகவே புது அடுப்பு பெட்டியின் பக்கத்தில் குளிர்ந்து நின்றது. ஜெபமாலை சொல்ல வந்தவர்கள் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"நல்ல கனமான இரும்பு."

"துளி புகை வராதாமே."

"அதான் ஒரு நாள்கூட அனுபவிக்காம போயிட்டானே, பாவம்."

பெட்டிக்கும் குழிக்கும் பாதிரியாருக்கும் அட்ராக்டா தன் கணக்கிலிருந்து கொடுத்தாள். இனி அவளைப் புதைக்கக் காசில்லை. அந்த நினைப்பு அவளை ஒன்றும் செய்யவில்லை. அது நியாயம் என்றே தோன்றியது.

அடக்கம் முடிந்த பிற்பகல் டீலியா தகர வாளியோடு சாலையைக் கடந்து வந்தாள். கேட்டருகே நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். உள்ளே வந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாது. அது ஒரு புண்ணியம்."

"ஆமா, தெரியாது," என்றாள் அட்ராக்டா.

டீலியா போனபின் கங்குகளை அடுப்புக்குள் கொட்டிக் கதவைச் சாத்தினாள். கட்டிகள் பிடித்துக்கொண்டன. கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு சத்தமே இல்லாமல் எரிந்தது. ராத்திரி மூடி வைக்கவெல்லாம் வேண்டாம், அணைந்தால் அணையட்டும், காலையில் ஒரு தீக்குச்சி போதும் என்று ஃபின்டன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கால்வேக்குப் போகலாம். தங்கலாம்.

காது மட்டும் அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தது.

எழுந்து ஆணியிலிருந்து மாலகியின் கோட்டை எடுத்தாள். குளிர்ந்து கிடந்த அந்த வீட்டில் அது இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவனுடைய நாற்காலியை அடுப்பின் எதிரே இழுத்துப்போட்டுக் கோட்டை அதன்மேல் விரித்துவிட்டு, பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் தோள்களிலிருந்து ஆவி எழுந்தது. அந்த அறையில் புகைபோல இருந்தது அது ஒன்றுதான். ஆவி முழுவதும் எழுந்து ஓயும்வரை அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஓய்ந்த பிறகும் உட்காரவில்லை.